உம் கொட்ட ஒரு மூச்சு

அந்த வீட்டுச் சமையலறையின் மேல்தட்டு முழுக்க டப்பாக்கள். கறுப்பு டப்பா, அதைவிடக் கறுப்பான டப்பா, மூடியில் மின்னல் போட்ட டப்பா, யாரோ ஒருவன் தலைதெறிக்க ஓடும் படம் போட்ட டப்பா. ஓடுகிறவனுக்கு முகம் கிடையாது, தொடை மட்டும்தான். சர்க்கரையும் தேயிலையும் இவர்களுக்கு இடம் விட்டுக் கீழ்த்தட்டுக்குக் குடிபெயர்ந்து வெகுநாளாகிறது.

டப்பாக்களின் சொந்தக்காரருக்கு அறுபது தாண்டிவிட்டது. தொழில், லிஃப்ட் மெக்கானிக். கம்பெனி மாலை போட்டு அனுப்பிவிட்டது. ஆனாலும் பழைய கட்டடங்களில் பழைய லிஃப்ட்டுகள் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுகொண்டு முரண்டு பிடித்தால் இன்னும் இவரைத்தான் கூப்பிடுகிறார்கள். கால் நூற்றாண்டுக்கு மேலாகக் காலையில் ஓடுகிறார். பந்தயத்துக்கெல்லாம் இல்லை. வாசலில் கிளம்பி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, மேம்பாலம் ஏறி இறங்கி, அதே வாசலுக்கு வந்து சேருவார்.

"கிளம்பின இடத்துக்கே திரும்பி வர்றதுக்கு எதுக்குங்க இவ்வளவு வேர்வை?" என்பது மனைவியின் நெடுநாள் கேள்வி.

"லிஃப்ட் மட்டும் எங்க போகுதாம்?" என்பது இவருடைய நெடுநாள் பதில்.

இந்த வயதில் ஒரு மனிதர் பொடி கரைத்துக் குடிக்கத் தொடங்கினால் ஊர் சும்மா இருக்குமா? மாடி வீட்டுக்காரர் இவருக்குப் பதக்க ஆசை வந்துவிட்டது என்றார். எதிர்வீட்டு அம்மாள் சாவு பயம் என்றார். பதக்கமும் இல்லை, பயமும் இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது ஒரு 'உம்'. மகள் ஓடிக்கொண்டே பேசும்போது, இவரும் ஓடிக்கொண்டே கொட்ட ஒரு 'உம்'. அதுவும் மேம்பாலத்து ஏற்றத்தில், மூச்சிரைக்காமல்.

இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதால் அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதனால் பதக்கம், சாவு இரண்டும் ஊர்வாயில் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தன, அவரைவிட வேகமாக.

மகளும் அவரும் பேசிக்கொள்ளும் இடம் அந்த ரோடு மட்டும்தான். வீட்டுக்குள் பேச்சு என்பது மனைவியின் இலாகா. அவர் பல் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருப்பவர். நாள் முழுக்க வாயைத் திறக்க முடியாத மனிதர்களோடு பேசிப் பேசி, பதிலே வராமல் உரையாடல் நடத்துகிற கலை கைவந்துவிட்டது. அவர் இருக்கிற அறையில் அப்பாவும் மகளும் வாயைத் திறந்தால் ஒன்று சாப்பிட, இல்லாவிட்டால் கொட்டாவி விட.

ஆனால் ரோட்டில் கால் பட்டதும் மகளுக்குப் பேச்சு வந்துவிடும். பள்ளிக்கூட நாளில் ஒரு காலை "நானும் வர்றேன்ப்பா" என்று செருப்பைக் கழற்றிவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பியவள்தான். அன்றிலிருந்து கணக்கு டீச்சர் மேல் கோபம், தோழியோடு சண்டை, முதல் வேலை, வேலையில் மேலதிகாரி, மேலதிகாரியின் நாய், கல்யாணம் இப்போதைக்கு வேண்டாம் என்ற முடிவு, அந்த முடிவை அம்மாவிடம் யார் சொல்வது என்ற பிரச்சினை எல்லாம் அந்த ரோட்டில்தான் ஓடியிருக்கின்றன. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா? இருவரும் முன்னால் பார்த்துக்கொண்டு போகலாம். எவ்வளவு பெரிய விஷயத்தையும் ஒரு விளக்குக் கம்பத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

அவர் அறிவுரை சொன்னதில்லை. கேள்வி கேட்டதில்லை. அரையடி பின்னால் ஓடிக்கொண்டு "உம்" என்பார். அவ்வளவுதான். அது அவருக்குத் தொழிலில் வந்த பழக்கம். லிஃப்ட் வேலையில் ஒருவன் மேலே மெஷின் ரூமில் இருப்பான், ஒருவன் கீழே குழியில் இருப்பான். மேலே இருப்பவன் குரல் கொடுத்தால் கீழே இருப்பவன் பதில் கொடுக்க வேண்டும். பதில் வரவில்லையென்றால் மேலே இருப்பவன் எதையும் தொடக் கூடாது. அப்படியே கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

மகளும் அப்படித்தான் நின்றுவிட்டாள், போன தடவை வந்தபோது.

அவளுக்கு வேறு ஊரில் வேலை. கட்டடங்களுக்குக் கணக்குப் போட்டு, எந்தத் தூண் எவ்வளவு தாங்கும் என்று சொல்கிற வேலை. வருஷத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் வருவாள். போன தடவை வந்த மறுநாளே இருவரும் கிளம்பினார்கள். தொட்டி வரை எல்லாம் சரியாகத்தான் போனது. மேம்பாலத்து ஏற்றத்தில் அவள், "அப்பா, ஒரு விஷயம் சொல்லணும், ரொம்ப நாளா மனசுல இருக்கு" என்று ஆரம்பித்தாள். இவர் "உம்" சொல்ல வாயைத் திறந்தார். மூச்சு மட்டும் வந்தது. அதுவும் கிழிந்த துருத்தியில் வருவது போல. அவள் கொஞ்சம் பொறுத்தாள். "கேக்குறியாப்பா?" என்றாள். இவர் தலையை ஆட்டினார். அரையடி பின்னால் ஓடுகிறவன் தலையை ஆட்டினால் முன்னால் ஓடுகிறவளுக்கு எப்படித் தெரியும்?

"சரி விடு, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுக் காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள். அந்த வாரம் முழுக்கக் காதில் பாட்டுதான். அப்பாவுக்குக் கேட்கப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். இவருக்கோ, அந்த ஒரு விஷயம் என்ன என்பது அன்றிலிருந்து இரண்டு மாடிக்கு நடுவில் நின்ற லிஃப்ட்டாக நெஞ்சில் நின்றுவிட்டது.

போனில் கேட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போன் செய்வார். "எப்படி இருக்க?" "நல்லா இருக்கேன்ப்பா." "சாப்டியா?" "சாப்டேன்." "அம்மாகிட்டக் குடுக்கறேன்." அவர் நெஞ்சில் இருந்த அத்தனையும் இந்தக் கடைசி வரியில் அடங்கிவிடும்.

முதலில் டாக்டரிடம் போனார். டாக்டர் நெஞ்சைத் தட்டி, முதுகைத் தட்டி, கடைசியில் தோளையும் தட்டினார். "இதயம் நல்லா இருக்கு. நுரையீரல் நல்லா இருக்கு. வயசாகுது சார், அவ்வளவுதான். கொஞ்சம் மெதுவா ஓடுங்க."

மெதுவாக ஓடினால் மகள் முன்னால் போய்விடுவாள். அவளை மெதுவாக ஓடச் சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்லப் பேச வேண்டும். சுற்றிச் சுற்றி அதே வாசலுக்கு வந்து நின்றது யோசனை.

அப்போதுதான் மேனேஜர் வந்து சேர்ந்தார். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் காலையில் ஓடுகிற கூட்டத்தில் அவர்தான் சத்து மந்திரி. எந்தக் காலத்திலோ ஏதோ ஒரு வங்கியில் மேனேஜராக இருந்தவர். இப்போது பத்தடி ஓடிவிட்டுப் பத்து நிமிஷம் சத்துக்களைப் பற்றிப் பேசுவார்.

"மூச்சு வாங்குதா? பீட்ரூட் பொடி போடுங்க. ரத்தக் குழாய் எல்லாம் ஹைவே மாதிரி திறந்துக்கும்."

"நீங்க போடறீங்களா சார்?"

"நான் எதுக்கு? எனக்குத்தான் மூச்சே வாங்கலையே."

ஓடினால்தானே வாங்கும்? ஆனால் லிஃப்ட் மெக்கானிக் மரியாதை தெரிந்தவர். சொல்லவில்லை.

பொடி வந்தது. அவர் மெக்கானிக்கைப் போலவே வேலையைத் தொடங்கினார். பழுது பார்க்கும்போது ஒரு நேரத்தில் ஒரு பாகத்தைத்தான் மாற்ற வேண்டும். மாற்றி, ஓட்டிப் பார்த்து, அப்புறம்தான் அடுத்தது. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரி பண்ணியது, எது கெடுத்தது என்று கடவுளுக்கும் தெரியாது. ஆகவே பீட்ரூட் என்றால் பீட்ரூட் மட்டும். ஒரு மாதம் அதையே குடித்துக்கொண்டு, தினமும் மேம்பாலத்தில் சோதனை.

சோதனை எப்படி? ஏற்றத்தில் ஓடிக்கொண்டே, கம்பத்துக்குக் கம்பம் "உம்" சொல்லிப் பார்ப்பது. எத்தனையாவது கம்பத்தில் 'உம்' சாகிறது என்று பார்ப்பது. ஆளில்லாத பாலத்தில் ஒரு பெரியவர் வெறுங்காற்றுக்கு "உம்... உம்..." என்று தலையாட்டிக்கொண்டு போனால் எதிரில் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நாயோடு நடக்க வரும் ஒரு அம்மாள் நாயை மறுபக்கம் இழுத்துக்கொண்டார். பால் வண்டிக்காரர் மட்டும் ஒருநாள் வண்டியை மெதுவாக்கி, "எங்கிட்டயா சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பீட்ரூட்டின் முதல் பலன் மூச்சில் தெரியவில்லை, கழிவறையில் தெரிந்தது. வெளியே வந்தவர் முகம் வெளுத்திருந்தது.

"ரத்தமா போகுது" என்றார் மனைவியிடம், வாழ்நாளின் கடைசிச் சேதியைச் சொல்லும் குரலில்.

மனைவி தோசைக்கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "நேத்து டம்ளர் கழுவினப்ப என் கையும் அப்படித்தான் சிவந்தது. அதுக்காக நான் ஆஸ்பத்திரிக்கா போனேன்?"

அதற்குப் பிறகு டப்பாக்கள் அணிவகுத்தன. தசைக்கு என்று வந்த கிரியாட்டின், கொஞ்சம் எடையைக் கூட்டிவிட்டு நின்றுகொண்டது. மோரைக் காயவைத்த மாதிரி இருந்த புரோட்டீன் பொடியைக் கலக்கினால் அறை முழுக்க வெனிலா மணக்கும், குடித்தால் சாக்பீஸ். மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிட்ட நாளெல்லாம் ஏப்பத்தில் கடற்கரை. மேனேஜர் சொன்னார் என்று இரும்புச்சத்தைத் தொட்டார், வயிறு கதவைச் சாத்திக்கொண்டது. டாக்டர் சொல்லாமல் இரும்பை யாராவது தின்பார்களா என்று மனைவி அந்த டப்பாவைத் தூக்கிக் குப்பையில் போட்டார்.

"ஏங்க, உங்களுக்கு என்னதான் வேணும்? அதையாவது சொல்லுங்க."

"சும்மா, உடம்புக்கு."

"உடம்பு கேட்டுச்சா?"

இவர் டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தார். கல்யாணமான நாளிலிருந்து பதில் இல்லாத நேரத்தில் எதையாவது எடுத்துப் பின்பக்கத்தைப் படிப்பது அவர் வழக்கம். மனைவி விடவில்லை. பிறகு, "அவ போன தடவை வந்தப்ப காதுல எதையோ மாட்டிக்கிட்டே திரிஞ்சா. உங்ககிட்டயும் பேசலையா?" என்று கேட்டார். இவருக்கு டப்பாவில் படிக்க இன்னும் நிறைய இருந்தது.

ஆனால் ஒன்று நடந்தது. மாதங்கள் போகப் போக 'உம்' சாகிற கம்பம் தள்ளிப்போனது. முதலில் ஏற்றத்தின் அடியிலேயே செத்துக்கொண்டிருந்தது, நடுப்பாலம் வரை உயிரோடு போனது. பிறகு உச்சியில், கீழே ரயில் தெரிகிற இடத்தில், முழுசாக, சுத்தமாக ஒரு 'உம்' வந்தது. அவர் நின்றுவிட்டார். ஆளில்லாத இடதுபக்கத்தைப் பார்த்தார். அங்கே, அரையடி முன்னால், யாரோ இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

எந்த டப்பா செய்த வேலை அது? மெக்னீசியம் என்று அவர் முடிவுக்கு வந்தார், அந்த மாதம் அதுதான் நடந்துகொண்டிருந்தது. தினமும் விடாமல் ஏற்றத்தில் ஓடிக்கொண்டே பேசிப் பழகியவனுக்கு, பொடியே இல்லாவிட்டாலும் பேச்சு வந்திருக்கும் என்று யாராவது சொல்லியிருக்கலாம். சொல்லக்கூடிய ஒரே ஆளான மனைவிக்கு விஷயம் தெரியாது. மேனேஜருக்கோ விஷயம் தெரிந்தாலும் சொல்ல மனம் வராது.

மகள் வந்தாள். ராத்திரிச் சாப்பாட்டில் அம்மா பேசினார். மகள் சிரித்தாள், சில நேரம் சிரிக்கவேண்டிய இடத்தில் சிரிக்காமல் தட்டைப் பார்த்தாள். கடைசியில் இவர் பக்கம் திரும்பி, "காலைல ஓடலாமாப்பா?" என்றாள். இவர் "ம்ம், பாக்கலாம்" என்றார், மாதக்கணக்கில் அதற்காகவே உயிரைக் கொடுத்துக்கொண்டிருந்தவர்.

இங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. வாழ்நாள் முழுக்க ஒரே நேரத்தில் இரண்டு பாகத்தை மாற்றாத மனிதர், மறுநாள் காலை சமையலறையில் மேல்தட்டைப் பார்த்தபடி நின்றார். பயம் வந்துவிட்டது. நேற்று வந்த 'உம்' இன்று வராமல் போனால்? பீட்ரூட் இரண்டு கரண்டி போட்டார். மெக்னீசியம் வழக்கத்தைவிட ஒரு கை தாராளமாக. மேனேஜர் இலவசமாகக் கொடுத்து, பிரிக்காமலே வைத்திருந்த, ஓட்டக்காரர்கள் தெம்புக்கு உறிஞ்சுகிற ஒரு ஜெல் பாக்கெட்டையும் பிதுக்கினார். எல்லாவற்றையும் கலக்கினால் தார் ரோடு போடும்போது கொட்டுகிற மாதிரி ஒன்று வந்தது. கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

கிளம்பினார்கள். விடிந்தும் விடியாத வெளிச்சம். கடைகள் திறக்கவில்லை. மகள் காதில் எதுவும் இல்லை என்பதை அவர் முதல் வேலையாகக் கவனித்தார். தொட்டியைச் சுற்றினார்கள். மூச்சு பட்டு போல இருந்தது. மேம்பாலம் நெருங்கியது. ஏற்றம் தொடங்கியது.

"அப்பா," என்றாள்.

"உம்!" என்றார். அவ்வளவு பலமாக வந்துவிட்டது, அவள் திரும்பிப் பார்த்தாள்.

"போன தடவையே ஒண்ணு சொல்லணும்னு..."

"உம்."

"...எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அவர் வாயைத் திறந்தார். அந்த நொடியில் வயிறு குறுக்கே பேசியது. சாதாரணப் பேச்சு இல்லை. அடிவயிற்றில் ஒரு லிஃப்ட்டின் கயிறு அறுந்த மாதிரி. அவர் நின்றார். முகம் பீட்ரூட்டானது.

"அப்பா? என்னாச்சு? நெஞ்சு வலிக்குதா?"

"வயிறு" என்று ஒரு வார்த்தையைச் செலவழித்துவிட்டு, பாலத்தடியில் இருந்த பெட்ரோல் பங்க்கைப் பார்த்து அவர் ஓடிய ஓட்டம் இருக்கிறதே, கால் நூற்றாண்டில் அவர் அந்த வேகத்தைத் தொட்டதில்லை. மகள் பின்தங்கிவிட்டாள்.

பங்க்கின் பின்புறம் தகரக் கதவு போட்ட ஒரு கழிவறை. கதவின் அடியில் சாண் அகலம் இடைவெளி. உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டவர் நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டார். வயிற்றைவிட வேறு ஒன்று அதிகமாக வலித்தது. இவ்வளவு நாள், இத்தனை டப்பா, உச்சிக்குப் போவதற்குள் எல்லாம் போயிற்று. இனிமேல் அவள் "சரி விடுப்பா" என்பாள். அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் இந்த மூச்சு இருக்குமா?

வெளியே ஷூ சத்தம் வந்து நின்றது.

"அப்பா, உள்ள நல்லா இருக்கியா?"

"இருக்கேன்."

"என்னத்தைக் குடிச்ச?"

"எல்லாத்தையும்."

வெளியே சிரிப்பு கேட்டது. சுவரில் சாய்ந்து சிரிக்கிற சிரிப்பு. அது அடங்கக் கொஞ்ச நேரமானது. ஒரு லாரி வந்து டீசல் போட்டுக்கொண்டு போனது. அவர் கதவடியில் தெரிந்த ஷூவின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது நகரவில்லை.

"அப்பா..."

"உம்" என்றார்.

"எனக்கு வெளிநாட்டுல வேலை கிடைச்சிருக்கு. ரொம்ப தூரம். போன வருஷமே கூப்பிட்டாங்க, வேண்டாம்னுட்டேன். இப்ப திரும்பக் கூப்பிட்டாங்க."

"உம்."

"பாலம் கட்டற வேலைப்பா. கடல் மேல. அது மாதிரி ஒண்ணு இன்னொரு தடவை எனக்குக் கிடைக்காது."

"உம்."

"ஆனா போனா, வருஷாவருஷம் வர முடியாது. வேலை முடியற வரைக்கும் எப்ப லீவுன்னே சொல்ல முடியாது."

லிஃப்ட் மெக்கானிக்கின் கை தாழ்ப்பாளில் இருந்தது. இந்த இடத்தில் பதில் கொடுக்காமல் இருந்தால் அவள் நிறுத்திவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். போன தடவை நிறுத்தினாளே. "சரி விடு, ஒண்ணும் இல்ல" என்பாள், ஒருவேளை போகாமலும் இருந்துவிடுவாள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். மூச்சு வாங்குவதாகக்கூட நடிக்க வேண்டாம், வயிற்று வலி கைவசம் இருக்கிறது.

வெளியே அவள் காத்திருந்தாள். ஷூவின் நுனி கொஞ்சம் திரும்பியது, போகிற பக்கமாக.

"உம்" என்றார். சத்தமாக. தகரம் அதிர்ந்தது.

ஷூ திரும்பி வந்தது. "சரின்னு சொல்லிட்டேன்ப்பா" என்றாள். சொன்னதும் ஒன்றன்மேல் ஒன்றாக எல்லாம் வந்தது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்ற பயம், அங்கே குளிர் எப்படி இருக்குமோ என்ற பயம், தனியாக ஒரு ஊரில் யாருக்குமே தன்னைத் தெரியாமல் இருப்பது பயமா சந்தோஷமா என்று தெரியாத ஒரு பயம். நடுவில் ஒரு தடவை மூக்கை உறிஞ்சினாள். பங்க் ஊழியர் ஒருவர் வந்து, "உள்ள யாருங்க?" என்றதற்கு, "எங்கப்பா. நாங்க பேசிட்டிருக்கோம்" என்றாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டே திரும்பிப் போனார். இவர் உள்ளே இருந்து ஒவ்வொன்றுக்கும் "உம்" கொடுத்தார். வயிறு எப்போதோ சரியாகியிருந்தது. கதவைத் திறந்தால் முகத்தைப் பார்க்க வேண்டிவரும் என்பதால் உள்ளேயே நின்றுகொண்டிருந்தார்.

அன்று அம்மாவிடமும் சொன்னாள். அம்மா அழுதார், பிறகு ஸ்வெட்டர் பற்றிப் பேசத் தொடங்கி அன்று முழுக்க நிறுத்தவில்லை. டப்பாக்களைப் பற்றியும் மகள் கேட்டாள். "எதுக்குப்பா இவ்வளவும்?" இவர் ஒன்றை எடுத்துப் பின்பக்கத்தைப் படித்தார்.

மிச்ச நாட்களில் தினமும் ஓடினார்கள். அவர் வெறும் தண்ணீர்தான் குடித்துவிட்டுக் கிளம்பினார், மகளின் உத்தரவு. சொல்லவேண்டிய பெரிய விஷயம் தீர்ந்துபோனதால் சின்ன விஷயங்கள் வந்தன. அலுவலகத்தில் எல்லோர் பேனாவையும் எடுத்துக்கொண்டு போகிற ஒருவன், அறைத்தோழி வளர்த்துச் செத்துப்போன செடி, குளியலறையில் சரியாக மூடாத குழாய். அவருக்கு அந்தக் குழாய் போதும் போல இருந்தது. குழாய் எந்தப் பக்கம் சொட்டுகிறது என்றுகூடக் கேட்டார். அவள் ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்துவிட்டு, அதையும் விவரமாகச் சொன்னாள்.

கடைசி நாள் காலை. சாமான்கள் கட்டிக் கூடத்தில் நின்றன. தொட்டியைச் சுற்றி, பாலம் ஏறி இறங்கி, வீட்டுக்குத் திரும்பும் முனைக்கு வந்தார்கள். மகள் பேசிக்கொண்டே இடதுபக்கம் திரும்பினாள். அவர் திரும்பவில்லை. நேராகப் போனார்.

"அப்பா, வீடு இந்தப் பக்கம்!"

"தெரியும்."

அவள் முனையிலேயே நின்று கையில் மணியைப் பார்த்தாள். அவளை ஏற்றிப்போகிற கார் வர நேரமாகிக்கொண்டிருந்தது. அவர் போய்க்கொண்டிருந்தார், பின்னால் பார்க்காமல், வேகத்தைக் கூட்டாமல், இடதுபக்கம் ஒருவர் ஓடுகிற அளவுக்கு இடம் விட்டு. பின்னாலிருந்து ஓடிவருகிற சத்தம் கேட்டது. அவரைத் தாண்டி அரையடி முன்னால் போய் அந்த இடத்தில் சேர்ந்துகொண்டு, கொஞ்ச தூரம் மூச்சு வாங்கிய பிறகு, "அப்புறம்ப்பா, அந்தப் பேனாக்காரன் இருக்கான் இல்ல..." என்று ஆரம்பித்தாள்.